சன்னி ஷாராக்கின் கிதார்: கூச்சலும் தாலாட்டும்

1986இல் வந்த ஒரு இசைத்தட்டுக்குக் 'கிதார்' என்று பெயர். முன்னால் பின்னால் அடைமொழி எதுவும் கிடையாது. உள்ளேயும் அப்படித்தான். பாடகர் இல்லை, டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஒரு ஆள், ஒரு கிதார், அது அலறுவதற்கு ஒரு ஆம்ப். வாசித்தவர் சன்னி ஷாராக் என்கிற கறுப்பினக் கலைஞர். வயது அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த மனுஷனுக்குக் கிதாரே பிடிக்காது. நான் சாக்ஸபோன்காரன், கைக்கு வந்து சேர்ந்தது தப்பான கருவி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர். பிடிக்காத கருவியின் பெயரையே தன் தனிவாசிப்புக்குத் தலைப்பாக வைத்த அந்த ஆளைப் பற்றியும், அந்தத் தட்டைப் பற்றியும், அதை நான் தப்பாகக் கேட்டதைப் பற்றியும்தான் இங்கே எழுதுகிறேன்.

தப்பாகக் கேட்ட கதையிலிருந்தே தொடங்கிவிடலாம். எம்.ஏ. தமிழ் படிக்கிறபோது வகுப்பில் ஒரு தலித் தன்வரலாறு பற்றிப் பேச்சு வந்தது. பாடம் நடத்தியவர், "இதுல கலை எங்கய்யா இருக்கு? வெறும் கூச்சல்தான?" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிற முள். பல வருஷம் கழித்து ஒரு தோழர் கறுப்பின இசை என்று ஒரு பென்டிரைவ் நிறைய ஏற்றிக் கொடுத்தார். அதில் இந்தக் 'கிதார்' இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து காதில் மாட்டிய முதல் நிமிஷமே அந்தக் 'கூச்சல்' என்கிற சொல் ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே ஒரு கூட்டத்தில் எழுந்து, இதுதான் அடிமைகளின் கோபம், இதுதான் எதிர்க்கலாச்சாரத்தின் ஓசை, கம்பியறுந்த கலகம் என்றெல்லாம் அரைமணி நேரம் பேசிவிட்டேன். கைதட்டினார்கள். பேசியதில் பாதி தப்பு என்று பின்னால் தெரிந்தது.

ஷாராக் 1940 ஆகஸ்ட் 27இல் பிறந்தார். ஊர் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிற ஆஸினிங். சிங் சிங் சிறைச்சாலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இருக்கிற ஊர்தான். பையனாக இருந்தபோது தெருமுனையில் நாலைந்து பேர் சேர்ந்து வாத்தியமில்லாமல் குரலை அடுக்கிப் பாடும் டூ-வாப் பாட்டுக்காரர். அவருக்குள் முதலில் இருந்தது தொண்டைதான், விரல் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வந்தது. அதில் ஜான் கோல்ட்ரேன் ஊதிய டெனர் சாக்ஸபோனைக் கேட்டவுடன் இவருக்கு வாழ்க்கை முடிவாகிவிட்டது. ஊதினால் அதைத்தான் ஊத வேண்டும். ஆனால் ஆஸ்துமா. மூச்சு ஒத்துழைக்கவில்லை. இருபது வயதில், அதாவது ஒரு கிதார்காரன் தேர்ந்துவிட்டிருக்க வேண்டிய வயதில், வேறு வழியில்லாமல் கிதாரை எடுத்தார். பெர்க்லி இசைப் பள்ளியில் 1961இல் சேர்ந்து கொஞ்ச காலம் இருந்தார். அங்கே சொல்லிக்கொடுத்த கிதார் இவருக்கு ஒட்டவில்லை.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. கிதார் என்பது மீட்டினதும் செத்துப்போகிற ஓசை. கம்பியைத் தட்டிய கணத்தில் உச்சம், அப்புறம் தேய்ந்துகொண்டே போகும். சாக்ஸபோன் அப்படியில்லை. மூச்சு உள்ள வரை ஒரே சுரத்தைப் பிடித்து நிறுத்தலாம், வீங்க வைக்கலாம், கிழிக்கலாம். அந்தக் கிழிசலைக் கிதாரில் கொண்டுவர ஷாராக் என்ன செய்தார்? ஒரே கம்பியை நிறுத்தாமல் அதிவேகமாக அடித்து, தனித்தனித் தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீண்ட அலறலாகும்படி செய்தார். ஆம்பைத் திருகி ஓசை உடைகிற அளவுக்கு ஏற்றினார். பின்னாட்களில் விரலில் உலோகக் குழாய் மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கினார். மூச்சு கொடுக்காத நீளத்தை மணிக்கட்டிலிருந்து வாங்கினார் என்று சொல்லலாம். மேதைமை, பயிற்சி, ராகசுத்தம் என்ற சொற்களை வைத்துக்கொண்டு இதை அளக்கப் போனால் கோலே உடைந்துவிடும். உடல் மறுத்ததை உடம்பின் வேறொரு மூலையிலிருந்து பிடுங்கிய உழைப்பு இது.

கோல்ட்ரேனின் கூட்டாளியான ஃபரோவா சாண்டர்ஸ், 1966 நவம்பரில் பதிவான தன் 'தவ்ஹித்' தட்டில் இவரைச் சேர்த்துக்கொண்டார். சுதந்திர ஜாஸ் என்கிற அந்தப் புதிய இசையில் சாக்ஸபோனும் டிரம்ஸும் பியானோவும்தான் கலகம் செய்துகொண்டிருந்தன. கிதார்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஷாராக்தான் அந்தக் கதவை முதலில் இடித்தவர்களில் ஒருவர். ஆனால் சுதந்திர ஜாஸ் சோறு போடாது. சோறு போட்டது ஹெர்பி மேன் என்கிற புல்லாங்குழல்காரரின் குழு.

ஹெர்பி மேன் புரூக்ளின் யூதர். எது விற்கும் என்பதை மோப்பம் பிடிப்பதில் கில்லாடி. பிரேசில் இசை ஓடினால் அதை வாசிப்பார், சோல் இசை ஓடினால் அதை. 1968இல் மெம்ஃபிஸ் போய் ஒரு தட்டு பதிந்தார். 'மெம்ஃபிஸ் அண்டர்கிரவுண்ட்' என்ற பெயரில் 1969இல் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. ஜாஸும் ராக்கும் சோலும் கலந்து, காலைத் தட்டிக்கொண்டே கேட்கிற மாதிரி. ஜாஸ்-ராக் என்று பின்னால் பெரிய வியாபாரமாக வளர்ந்ததற்கு அது ஒரு ஆரம்ப வாசல். அதில் கிதார் வாசித்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் லாரி கோரியல், வெள்ளையர். இன்னொருவர் நம் ஷாராக்.

1968, மெம்ஃபிஸ். இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் நமக்கு வேறு என்ன ஞாபகம் வர வேண்டும்? அந்த வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி, மழைக்கு ஒதுங்கின இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் அமுக்கும் எந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். அதைத் தொடர்ந்து 1300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். அவர்களோடு நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4இல் அதே ஊரில் சுட்டுக் கொன்றார்கள். மலக்குழிச் சாவுகளை எண்ணிக்கொண்டிருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே வருஷம் அதே ஊரின் ஒரு ஸ்டுடியோவில், கறுப்பர்கள் பாடிப் பிரபலமான பாட்டுகளை எடுத்து இதமாக, சொகுசாக வாசித்துப் பதிந்த தட்டு அது. அதில் 'ஹோல்ட் ஆன், ஐம் கமிங்' என்ற பாட்டின் நடுவே ஷாராக்குக்குக் கொஞ்சம் இடம் விடுகிறார்கள். அவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு ஓசை. அது முடிந்ததும் மறுபடி எல்லாம் சொகுசாகிவிடுகிறது. கல்யாண வீட்டில் ஒருத்தன் மட்டும் எழவைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்த மாதிரி. அவர் மனதில் துப்புரவுத் தொழிலாளர்கள் இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கிற என் மனதில் இருந்தார்கள்.

இங்கே முதலாளியைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். உண்மை கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது. கூட்டம் முகம் சுளிக்கும் என்று தெரிந்தும் மேன் இவரை வருஷக்கணக்கில் குழுவில் வைத்துக்கொண்டார். 1969இல் ஷாராக் தன் சொந்தப் பெயரில் முதல் தட்டு போட்டபோது அதைத் தயாரித்தவரும் மேன்தான். அவரது இசையை மதித்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மதிப்பு ஒன்று, இடம் ஒன்று. மேனின் மேடையில் ஷாராக்குக்குக் கிடைத்தது ஊறுகாய் இடம். இலையில் ஒரு ஓரமாக, காரமாக, கொஞ்சமாக. ஊறுகாயே சோறாக வேண்டும் என்று கேட்டால் தனி இலை போட்டுக்கொள்ள வேண்டும். முற்போக்கு மேடைகளில் 'ஒரு தலித் குரலும் இருக்கட்டும்' என்று பத்து நிமிஷம் ஒதுக்கப்பட்டு, பேசி முடித்ததும் அன்போடு பொன்னாடை போர்த்தப்பட்டவர்களுக்கு இந்த ருசி தெரியும்.

அந்த முதல் தட்டின் பெயர் 'பிளாக் வுமன்'. கறுப்புப் பெண். ஷாராக்கின் தட்டு என்றுதான் உறையில் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு முடித்தால் காதில் நிற்பது அவர் கிதார் அல்ல, அவர் மனைவி லிண்டா ஷாராக்கின் குரல். சொல்லே இல்லாத குரல். முனகல், கேவல், குலவை, வீறிடல், திடீரென்று ஒரு சின்னப் பிள்ளை தூக்கத்தில் சிரிப்பது மாதிரி ஒன்று. மில்ஃபோர்ட் கிரேவ்ஸின் டிரம்ஸ் அடியில் பூமி குலுங்குகிற மாதிரி ஓட, டேவ் பரலின் பியானோ ஒரு பக்கம் இடிய, அந்தக் குரல் எதற்கும் பயப்படாமல் மேலே போகிறது. 'லிண்டாவின் சித்திரம், மூன்று நிறங்களில், எல்லாம் கறுப்பு' என்பது ஒரு உருப்படியின் பெயர். அழகு என்றாலே வெளுப்பு என்று பழக்கப்பட்ட ஒரு உலகத்தில், கறுப்புக்குள்ளேயே மூன்று நிறம் இருக்கிறது என்று சொல்கிற தலைப்பு. இதைக் கவித்துவம் என்று பாராட்டிவிட்டுத் தாண்டிப் போக முடியாது.

எங்கள் அத்தை ஒருத்தி ஒப்பாரி சொல்கிறவள். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போவாள். அவளிடம் போனில் இதைப் போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளிக்காமல் முழுசாகக் கேட்டாள். "என்ன சொல்லி அழுவுறா?" என்று கேட்டாள். சொல் எதுவும் இல்லை அத்தை என்றேன். "சொல்லுக்கு முன்னாடி வர்றதத்தான் மூச்சு வாங்குறதா நெனச்சுக்குறானுங்க" என்றாள். ஒப்பாரியில் வரிக்கும் வரிக்கும் இடையில் அவள் இழுக்கிற இழுவையை நான் அதுவரை வெறும் இளைப்பாறல் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். தட்டின் முதுகெலும்பாக நிற்கிற பெண்ணின் உடல், குரல், நிறம் எல்லாம் தலைப்பில் இருக்கின்றன. பெயர் ஆணுடையதாக இருக்கிறது. பாரிஸில் 1970இல் பதிந்த இரண்டாவது தட்டிலும் அப்படியே. 1975இல் வந்த 'பாரடைஸ்' தட்டில்தான் சன்னியும் லிண்டாவும் என்று இருவர் பெயரும் வருகிறது. விமர்சகர்களும் ஷாராக்கைப் பற்றி எழுதுகிறபோது லிண்டாவை அவருடைய 'விளைவுகளில்' ஒன்றாக, ஏதோ ஆம்போடு சேர்ந்து வந்த சாமான் மாதிரி எழுதிவிட்டுப் போகிறார்கள். தலித் ஆணுக்குக் கிடைக்கிற நியாயம் தலித் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை என்று நம் பக்கத்துப் பெண்கள் எழுதியதைப் படித்துத்தான் இதைக் கேட்கிற காது எனக்கு வந்தது.

1970இல் மைல்ஸ் டேவிஸ் ஒரு பதிவுக்கு ஷாராக்கை அழைத்தார். குத்துச்சண்டையில் 1908இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பர் ஜாக் ஜான்சன் பற்றிய படத்துக்கான இசை. 1971இல் வந்த அந்தத் தட்டில் 'யெஸ்டர்நவ்' என்ற பகுதியில் ஷாராக் வாசித்தது இருக்கிறது. உறையில் பெயர் இல்லை. கூடவே கிதார் வாசித்த ஜான் மெக்லாஃப்லினின் பெயர் இருக்கிறது. சதி என்று சொல்ல ஆதாரமில்லை. பல பதிவுகளை வெட்டி ஒட்டிய தட்டு அது. ஆனால் பெயர் விடுபடுகிறபோது யார் பெயர் விடுபடுகிறது என்பதில் ஒரு ஒழுங்கு உண்டு.

அதற்கப்புறம் ஜாஸ்-ராக் பெரிய வியாபாரமானது. 1971இல் மெக்லாஃப்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். ஸ்ரீ சின்மாய் என்ற குரு கொடுத்த பெயர் மகாவிஷ்ணு. மின்னல் வேகம், பிசிறில்லாத விரல், கணக்கு பிசகாத தாளம். அவர் அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்து 1975இல் சக்தி குழுவோடு மேடையேறியபோது நம் ஊர்க்காரர்கள் பூரித்துப் போனார்கள். எல். சங்கரின் வயலின், விநாயக்ராமின் கடம், ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம், ஜாகிர் உசேனின் தபேலா. நல்ல வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் ஜாஸ்-ராக் கிதார் இந்தியாவைத் தேடி வந்தபோது அதற்குக் காட்டப்பட்ட இந்தியா சபா மேடை இந்தியா. அந்த மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல் பதப்படுத்தி வார் இழுத்துக் கட்டுகிறவர்கள் யார் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமாக எழுதியபோது எவ்வளவு பேருக்கு வேர்த்தது என்று பார்த்தோம். தோல் மேடையில் இருக்கலாம், தோலைத் தொட்ட கை இருக்கக்கூடாது.

ஜாஸ்-ராக் கிதார்காரர்கள் அரங்கங்களை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில் ஷாராக் என்ன செய்துகொண்டிருந்தார்? கார் ஓட்டினார். மனநலம் குன்றிய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். 'பாரடைஸ்' தட்டுக்குப் பிறகு பல வருஷம் பதிவு இல்லை. 1978இல் லிண்டாவோடு மணமுறிவு. பில் லாஸ்வெல் என்கிற பேஸ் கிதார்காரர் தேடிப் பிடித்துத் தன் 'மெட்டீரியல்' குழுவின் 1981ஆம் வருஷத்துத் தட்டில் வாசிக்க வைத்தார். 1986இல் லாஸ்ட் எக்ஸிட் என்ற குழு பிறந்தது. ஷாராக், லாஸ்வெல், ஜெர்மனியின் சாக்ஸபோன்காரர் பீட்டர் ப்ராட்ஸ்மன், டெக்சாஸிலிருந்து வந்த டிரம்ஸ்காரர் ரொனால்ட் ஷானன் ஜாக்ஸன். ஒத்திகை கிடையாது. மேடையில் ஏறுவார்கள், மோதுவார்கள். ஜாஸ்-ராக் என்ற பெயருக்குள் இருந்த சொகுசையெல்லாம் அடித்து நொறுக்கின ஜாஸ்-ராக். அந்த இரைச்சலின் நடுவிலிருந்து, அதே வருஷம், ஷாராக் தனியாக வெளியே வந்து உட்கார்ந்து வாசித்ததுதான் 'கிதார்'. தயாரிப்பு லாஸ்வெல்.

தட்டைப் பற்றி இப்போது.

முதல் உருப்படி 'பிளைண்ட் வில்லி'. இதே உருப்படி 1969 தட்டிலும் இருக்கிறது. அங்கே எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, மின்சாரமில்லாத கிதாரில் தனியாக வாசித்திருப்பார். பெயரைக் கேட்டதும் டெக்சாஸின் பிளைண்ட் வில்லி ஜான்சன் ஞாபகம் வருகிறார். பார்வையற்றவர், தெருவில் நின்று பக்திப் பாடல் பாடிக் கிதார் வாசித்தவர், 1945இல் வறுமையில் செத்தவர். 1927இல் அவர் பதிந்த சொல்லில்லாத முனகல் ஒன்றை 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றி நட்சத்திரங்களுக்கு அனுப்பினார்கள். இருக்கும்போது படுக்க ஒழுங்கான இடம் கொடுக்காதவர்கள் செத்த பிறகு ஆகாயத்தையே கொடுத்தார்கள்! 1986இல் ஷாராக் அதே மெட்டுக்குத் திரும்பி வருகிறபோது கையில் மின்கிதார். அடியில் ஒரு தடம் விடாமல் நாதமாக ஓடுகிறது. அதன்மேல் இன்னொரு தடம் மெட்டைப் பாடுகிறது. பாடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸினிங் தெருமுனையில் நின்ற பையனின் தொண்டை அது. அவசரமேயில்லை. மெட்டு ஒரு சின்னக் கோயில் பாட்டு மாதிரி எளிமையானது. அதை நாலு தடவை சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் ஓரங்கள் கருகிக்கொண்டே வருகின்றன.

'டெவில்ஸ் டால் பேபி'யில் அந்தக் கருகல் முழுத் தீயாகிறது. கூட்டத்தில் நான் போட்டுக்காட்டிக் கைதட்டு வாங்கியது இதைத்தான். அடுத்தது 'புரோக்கன் டாய்ஸ்', உடைந்த பொம்மைகள். அது தாலாட்டு. வேறு சொல் இல்லை. சாவி கொடுத்த பொம்மை மெதுவாகச் சுற்றுகிற மாதிரி ஒரு மெட்டு. அதை அன்றைக்குக் கூட்டத்தில் நான் போடவில்லை. என் பேச்சுக்கு அது உதவாது என்று தாண்டிவிட்டேன். 'பிளாக் பாட்டம்' என்பது 1920களில் பிரபலமான ஒரு கறுப்பர் நடனத்தின் பெயர். டெட்ராய்ட் நகரில் நெடுஞ்சாலை போடுவதற்காக இடித்துத் தள்ளப்பட்ட கறுப்பர் குடியிருப்புக்கும் அதே பெயர். எதை நினைத்து வைத்தாரோ, வாசிப்பு பச்சையான ப்ளூஸ். 'குலா மே'யும் அந்த வழிதான். கடைசியில் நாலு பகுதியாக 'பிரின்சஸ் சொனாட்டா'. சொனாட்டா என்பது ஐரோப்பிய மேல்தட்டு இசையின் வடிவம். அந்தப் பெயரை ஒரு கறுப்புக் கிதார்காரர் ஆம்ப் இரைச்சலுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஆனால் இந்தத் தட்டில் எனக்கு அலுப்புத் தட்டுகிற இடமும் அதுதான். நடுவில் எதிரொலியைக் கூட்டிக் கூட்டி ஓசையைப் பனிமூட்டத்தில் நிறுத்திவிடுகிறார்கள். லாஸ்வெல்லின் கை கொஞ்சம் அதிகமோ என்று தோன்றுகிறது.

எங்கள் மாமா பறையடிக்கிறவர். அத்தையின் வீட்டுக்காரர்தான். அவரிடமும் போட்டுக்காட்டினேன். காதில் மாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை அடிக்குச்சி பிடித்த மாதிரி தொடையில் லேசாகத் தட்டியது. இரண்டு நிமிஷம் கழித்து, "ரெண்டு பேரு வாசிக்கிறாங்க. மூத்தவன் நல்லா புடிக்கிறான். இன்னொருத்தன் யாரு?" என்றார். இல்ல மாமா, ஒரே ஆளுதான், முதல்ல ஒண்ண வாசிச்சு டேப்புல பதிஞ்சுட்டு அதுமேலயே இன்னொண்ண வாசிக்கிறது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏன், ஜோடிக்கு ஆளு கெடைக்கலியா?" என்றார்.

நான் கலகம், எதிர்ப்பு என்று அரைமணி நேரம் பேசியபோது கேட்க வேண்டிய கேள்வி அது. பறையில் ஒருத்தன் அடியை விட்டால் இன்னொருத்தன் எடுப்பான். ஒருத்தன் ஓடினால் இன்னொருத்தன் பிடித்து நிறுத்துவான். ஷாராக்கின் தட்டில் முதல் தடத்தில் வாசித்தவருக்கு இரண்டாவது தடத்தில் வருகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியும். அவர் இவரை மறுக்க மாட்டார். அதனால் இந்த இசையில் ஒரு இடத்தில்கூட மோதல் இல்லை என்பதை மாமா கேட்ட பிறகுதான் கவனித்தேன். 'பிளாக் வுமன்' தட்டில் கிரேவ்ஸின் டிரம்ஸ் அவரை விரட்டுகிறது. லாஸ்ட் எக்ஸிட்டில் ப்ராட்ஸ்மன் அவர்மேல் ஏறி மிதிக்கிறார், இவரும் திருப்பி மிதிக்கிறார். இங்கே மிதிக்க ஆளில்லை. ஆக, அதிகபட்சக் கோபம் என்று நான் விற்ற தட்டுதான் உள்ளதிலேயே சண்டையில்லாத தட்டு. ஒருத்தன் தனக்குத்தானே பாய் விரித்துக்கொண்டு, தனக்குத்தானே தாலாட்டுப் பாடிக்கொள்கிற தட்டு. அதில் இரைச்சல் இருக்கிறது, சரி. தாலாட்டுப் பாடுகிறவளின் வீட்டில் இரைச்சல் இருக்காதா?

ஷாராக்கே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். பயங்கரமும் அழகும் ஒரே பாட்டுக்குள் சேர்ந்து குடியிருக்க வழி தேடுவதாகச் சொன்னார். நான் பயங்கரத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன்? அந்த வகுப்பில் 'கூச்சல்' என்றவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பெரிய கூச்சல் தேவைப்பட்டது. அவர் கூச்சல் என்று இகழ்ந்தார், நான் கூச்சல் என்று புகழ்ந்தேன். இரண்டு பேருமே அந்த மனுஷனின் மெட்டைக் கேட்கவில்லை. தலித் எழுதினால் வலி எழுத வேண்டும், கோபம் எழுத வேண்டும், மலம் பற்றியும் சாவு பற்றியும் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிற பதிப்பாளனுக்கும், அன்றைக்கு மைக் பிடித்த எனக்கும் என்ன வித்தியாசம்? நம் பிள்ளைகளில் ஒருத்தி மழையைப் பற்றி மட்டும் ஒரு கவிதை கொண்டுவந்தால், "நல்லாருக்கு, ஆனா அரசியல் இல்லியே" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நாம்தான். நானே கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. தனியாக வெளியே வருகிறவனை நம் இயக்கங்கள் பார்க்கிற பார்வை. குழுவை விட்டு ஒருத்தன் தனியாக ஒரு புத்தகம் போட்டால், ஒரு படம் எடுத்தால், 'பொழைக்கப் போய்ட்டான்' என்கிறோம். ஷாராக் தனியாக உட்கார்ந்தது பிழைக்கப் போனதல்ல. அதே வருஷம் லாஸ்ட் எக்ஸிட் மேடையிலும் அவர் இருந்தார். தனியாக வாசித்ததில் கண்டுபிடித்த மெட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி கூட்டத்துக்குள் போனார். 1987இல் 'சீஸ் த ரெயின்போ' இரண்டு டிரம்ஸ்காரர்களோடு. 1991இல் 'ஆஸ்க் தி ஏஜஸ்'. அதில் 1966இல் தனக்கு வாசல் திறந்த ஃபரோவா சாண்டர்ஸ் சாக்ஸபோன், இளைஞர் சார்நெட் மொஃபெட் பேஸ், கோல்ட்ரேனின் டிரம்ஸ்காரரான எல்வின் ஜோன்ஸ். இருபது வயதில் மூச்சு விடாததால் நுழைய முடியாமல் போன அந்த வீட்டுக்குள் ஐம்பது வயதில் கிதாரோடு நுழைந்துவிட்டார். 'ஹூ டஸ் ஷி ஹோப் டு பி' என்ற மெதுவான உருப்படியை 'புரோக்கன் டாய்ஸ்' கேட்ட கையோடு கேளுங்கள். தாலாட்டுக்கு இப்போது ஆள் துணை இருக்கிறது. ஜோன்ஸின் தட்டல் அவரைத் தாங்கவும் செய்கிறது, சீண்டவும் செய்கிறது. 'ஆஸ்க் தி ஏஜஸ்'தான் அவருடைய உச்சம் என்று பலரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் 'கிதார்' இல்லாமல் அது வந்திருக்காது என்பது என் கட்சி.

1994 மே மாதம், ஒரு பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் கூடி வந்த நேரத்தில், மாரடைப்பு. ஆஸினிங்கிலேயே செத்தார். வயது 53. அந்த வருஷம் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு கார்ட்டூன் தொடருக்கு அவர் வாசித்த முகப்பிசைதான் அவரைப் பற்றி எதுவும் தெரியாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் காதில் விழுந்த ஷாராக். 2010இல் சொந்த ஊரில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மாமா கேட்ட ஜோடியைப் பற்றி ஒன்று பாக்கியிருக்கிறது. லிண்டா ஐரோப்பாவுக்குப் போய் வியன்னாவில் தங்கி, வூல்ஃப்காங் புஷ்னிக் என்கிற சாக்ஸபோன்காரரோடு பல வருஷம் பாடினார். கொரியாவின் தாளக்கருவிக் குழுவான சாமுல்நோரியோடும் பாடினார். 2009இல் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. சில வருஷம் கழித்து அந்த நிலையிலேயே மறுபடி மேடையேறினார். 2014இல் அவர் பெயரிலேயே ஒரு தட்டு வந்தது. சொல்லில்லாமல் பாடியவருக்குச் சொல் போன பிறகும் பாட்டு போகவில்லை. அந்தத் தட்டை அத்தையிடம் இன்னும் போட்டுக்காட்டவில்லை. போன வாரம் போனபோது அவள் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். அடுத்த தடவை போட்டுக்காட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்பதோடு லிண்டாவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.